அத்தியாயம் 7: கட்டியவரே நடுவராக இருக்கும்போது

ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டியின் மூலையில் 1 முதல் 4 வரை ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். ரெவெல் பெட்டியில் அது 5 வரை போகும். அந்த எண்ணையே தங்கள் தகுதியாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். "மூணாம் லெவல் முடிச்சாச்சு, அடுத்தது நாலு" என்பார்கள். கிட்டில் எத்தனை பாகங்கள், அவை எவ்வளவு பொடிசு, சேர்ப்பதில் எவ்வளவு சிக்கல் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வாங்கியவர் அதை எப்படிக் கட்டினார் என்று அதற்குத் தெரியாது. ஐந்தாம் லெவல் போர்க்கப்பலைக் கடைசிப் பாகம்வரை ஒட்டி முடித்தவரிடம் பொறுமை இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். இரண்டு பாகங்கள் சேர்ந்த கோட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய அவருக்கு வருமா என்பதை அந்தக் கப்பலைக் கிட்டத்தில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெட்டுவதையும் வண்ணம் அடிப்பதையும் கற்றுக்கொள்வது போல இதையும் கற்றுக்கொள்ளலாம். தன் வேலையைச் சரியாகப் பார்க்கத் தெரியாதவர் பத்து வருடம் கட்டினாலும் ஒரே தவறைப் பத்து வருடம் செய்துகொண்டிருப்பார். தேவைக்கு மேல் தன்னைக் குறைத்துக்கொள்கிறவர் பொழுதுபோக்கையே விட்டுவிடுவார். இரண்டும் இழப்புதான். இந்த அத்தியாயத்தில் எடுத்துக்காட்டாக, பலரும் முதலில் கட்டும் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் விமானத்தையே பெரும்பாலும் வைத்துக்கொள்கிறேன். உண்மை விமானத்தின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், மாடலில் அது 15.6 சென்டிமீட்டர். கையில் அடங்கிவிடும், குறையை ஒளித்துவைக்க இடமில்லாத மாடல்.

ஒரே மதிப்பெண் போடாதீர்கள்

"நான் மாடல் கட்டுவதில் எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. மாடல் கட்டுவது என்பது ஒரு திறன் அல்ல. பாகங்களைத் தாங்கும் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை வடு இல்லாமல் வெட்டி எடுப்பது ஒன்று. ஒட்டுவது ஒன்று. நேராக நிறுத்துவது, பரப்பைச் சீராக்குவது, வண்ணம், டெக்கால் (ஒட்டுப்படம்), பழசாக்குவது என்று ஒவ்வொன்றும் தனி. இவை ஒன்றாக வளர்வதும் இல்லை. இன்றைய மாடல்காரர்களில் பெரும்பாலோருக்கு வண்ணமும் பழசாக்கும் வேலையும் முன்னால் ஓடிவிட, வெட்டுவதும் ஒட்டுவதும் பின்தங்கி நிற்கின்றன. காரணம் எளிது. துருவும் சேறும் புகைக்கறையும் போடுவது பார்க்கக் கவர்ச்சியான வேலை, கற்றுத்தர ஆள் நிறைய. இறக்கையின் பின்விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்குவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

போட்டி நடுவர்கள் எந்த வரிசையில் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது இங்கே உதவும். 1963-இல் பிரிட்டனில் தொடங்கி, இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் ஐ.பி.எம்.எஸ். என்ற பிளாஸ்டிக் மாடல் சங்கத்தின் போட்டிகளில் நடுவர்கள் சின்ன டார்ச்சோடு குனிந்து முதலில் தேடுவது அடிப்படைக் கட்டுமானத்தை. ஒட்டுக்கோடு தெரிகிறதா, பசை வழிந்திருக்கிறதா, இறக்கைகள் சமமா, சக்கரங்கள் தரையில் சமமாக நிற்கின்றனவா, கண்ணாடிப் பாகம் தெளிவாக இருக்கிறதா. அடுத்துதான் வண்ணமும் டெக்காலும். தனியாக வாங்கிச் சேர்த்த உலோகப் பாகங்கள், திறந்து காட்டிய எஞ்சின், கூடுதல் நுணுக்கங்கள் எல்லாம் அடிப்படையில் தேறிய மாடல்களுக்கு இடையேதான் பேசும். அடிப்படையில் விழுந்த மாடலை அவை தூக்கிவிடுவதில்லை. கட்டுமானம் சரியில்லாத மாடலின்மேல் துருவும் சேறும் பூசுவது, ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான்.

உங்களை நீங்கள் பார்க்கும்போதும் இதே வரிசையை விடாமல் பிடியுங்கள். அழகான பகுதியிலிருந்து தொடங்கினால் கண் அங்கேயே தங்கிவிடும். வேலை நடந்த வரிசையிலேயே பாருங்கள்: வெட்டு, ஒட்டு, நேர், பரப்பு, வண்ணம், டெக்கால், பழசு. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எண் போடத் தேவையில்லை. "இடது இறக்கை அடியில், உடலோடு சேருமிடத்தில் பின்பக்கம் கோடு தெரிகிறது" என்ற ஒரு வரி, பத்துக்கு ஆறு என்பதைவிடப் பல மடங்கு உபயோகம்.

தூரம்

எந்தக் குறை குறை, எது கண்ணில் படாது என்பதில் மாடல்காரர்கள் தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொள்கிறார்கள். கட்டியவர் மாடலைப் பார்த்தது மூக்குக்கு அரையடிக்குள், பூதக்கண்ணாடியோடு. பார்க்க வருகிறவர் நிற்பது அலமாரிக்கு வெளியே. அதனால் மூன்று தூரங்களை வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிப் பிடித்தாலே தெரிகிற குறை, ஒரு சாண் தூரத்தில் தெரிகிற குறை, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற குறை. இறக்கை ஒரு பக்கம் தூக்கியிருப்பது முதல் வகை. டெக்காலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்தது போல மின்னுவது இரண்டாம் வகை. விமானியறைக்குள் ஒரு பொத்தானின் சிவப்பு வட்டத்தைத் தாண்டி வழிந்திருப்பது மூன்றாம் வகை.

முதல் வகைக் குறை ஒன்றுகூட இல்லாத மாடல் கட்டுகிறீர்கள் என்றால் நீங்கள் தொடக்கநிலையைத் தாண்டிவிட்டீர்கள், உங்களுக்கே அது நம்பிக்கை தராவிட்டாலும். மூன்றாம் வகைக் குறையை நினைத்து நினைத்து வருந்தி, முதல் வகைக் குறையைக் கவனிக்காமல் விடுவதுதான் நான் அதிகம் கண்டிருக்கும் கோணல். பொத்தானுக்கு ஒரு வாரம் செலவழித்தவரின் விமானம் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அளவுக் கணக்கு

ஒரு குறை எவ்வளவு பெரியது என்று சொல்லக் கண்ணைவிடக் கணக்கு நேர்மையானது. குறையின் அளவை மில்லிமீட்டரில் எடுத்து, மாடல் அளவின் கீழெண்ணால் (1/72 என்றால் 72-ஆல்) பெருக்குங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அந்தத் தாள் நுழையும் இடைவெளி உங்கள் 1/72 ஸ்பிட்ஃபயரின் இறக்கையடியில் இருந்தால், உண்மை விமானத்தில் அது 7 மி.மீ. பிளவு. எந்தப் பணிமனையும் அதை அப்படியே விட்டுப் பறக்க அனுப்பாது. இரண்டு இறக்கை நுனிகளின் உயரத்தில் 2 மி.மீ. வித்தியாசம் இருந்தால் அது 14 சென்டிமீட்டருக்கு மேல். பின்விளிம்பு 0.8 மி.மீ. கனமாக இருந்தால் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் தடித்த பலகை. 1/350 கப்பலில் 0.3 மி.மீ. தடித்த கைப்பிடிக் கம்பி, உண்மையில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள குழாய். யாராலும் பிடிக்க முடியாது.

இதே கணக்கு உங்களை விடுவிக்கவும் செய்யும். கிட் தயாரிப்பாளர்கள் செதுக்கும் பேனல் கோடுகள் அளவுப்படி பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே அகலம் அதிகம். 0.2 மி.மீ. கோடு 1/72-இல் 14 மி.மீ. பள்ளம். உண்மைத் தகடுகளுக்கு நடுவே அப்படிப் பள்ளம் இருக்காது. ஆனாலும் அந்தக் கோடு இல்லாவிட்டால் மாடல் மொட்டையாகத் தெரியும், எனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம் அது. அதை உங்கள் கணக்கில் குறையாக எழுத வேண்டாம்.

நகம், விளக்கு, வெள்ளி, கண்ணாடிப் பலகை

இனி உண்மையான சோதனைகள். இவற்றுக்குச் செலவு கிடையாது என்பதால் தவறவிடக் காரணமும் கிடையாது.

ஒட்டுக்கோட்டின் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடத்தில் நகம் இடறும். இடறினால் படி இருக்கிறது, வண்ணம் அதை மறைக்காது, பளபளப்பு வார்னிஷ் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு அறை விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சை மாடலின் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் காணாத குழிவுகளும் கீறல்களும் நிழல் போட்டு எழுந்து நிற்கும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகள் விட்ட வட்ட வடுக்கள், தடித்த இடங்களில் பிளாஸ்டிக் குளிரும்போது உள்வாங்கிய குழிவு, 400 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டு 600-க்கும் 1000-க்கும் போகாமல் விட்ட கீறல், எல்லாம் தெரியும்.

சந்தேகமான இடத்தில் கொஞ்சம் வெள்ளி வண்ணம் தடவிப் பாருங்கள். வெள்ளி எதையும் மன்னிக்காது. சாம்பல் அடிப்பூச்சான ப்ரைமரில் ஒளிந்துகொள்ளும் நுண்கீறலும் அதில் மின்னும். உலோகப் பளபளப்போடு விடப்போகும் விமானங்களுக்கு இந்தச் சோதனை செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

ஒட்டுக்கோட்டில் இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசையின் ஈரம் முழுவதும் வெளியேற நாளாகும். இடைவெளியை நிரப்பும் புட்டியும் காயக் காயச் சுருங்கும். இன்று தேய்த்து மறைந்த கோடு சில நாட்களில் மெல்லிய பள்ளமாகத் திரும்பி வரலாம். ஆகவே ஒட்டிய மறுநாளே "கோடு போய்விட்டது" என்று நோட்டில் எழுதாதீர்கள். ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டு நகத்தை மறுபடி ஓட்டுங்கள்.

நேர் பார்ப்பதற்குத் தட்டையான கண்ணாடிப் பலகையோ வழுவழுப்பான டைல்ஸோ போதும். மாடலை அதன்மேல் நிறுத்தி, இரு இறக்கை நுனிகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் உடலிலிருந்து மேல்நோக்கி 6 பாகை சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு குறைந்து இறக்கை படுத்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் "ஏதோ ஒன்று சரியில்லை" என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். வால் இறக்கை முன்னிறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்று நேர் முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பீரங்கி வண்டி என்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு தாளை நுழையுங்கள். பிடித்தால் அந்தச் சக்கரம் தரையைத் தொடுகிறது. தாராளமாக நுழைந்து வெளியே வந்தால் காற்றில் தொங்குகிறது. பல டன் எடையுள்ள வண்டியின் சக்கரம் சமதரையில் காற்றில் தொங்காது.

கடைசியாக, நேர் முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து, செல்போனிலேயே அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நாள் கணக்கில் ஒரே பொருளைப் பார்த்த கண் அதன் கோணலுக்குப் பழகிவிடும். திருப்பியதும் பழக்கம் உடைந்து கோணல் தெரியும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் போட்டோகூட வேண்டாம். "சித்தப்பா, இந்தப் பக்க றெக்கை மட்டும் ஏன் தூக்கிட்டிருக்கு?" என்று வந்ததும் கேட்டுவிடும்.

முன்னாலேயே எழுதிவையுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ப்ரைமர் அடிக்கும் முன், எந்தெந்த இடத்தில் குறை தெரியப்போகிறது என்று நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதிவிடுங்கள். "மூக்கின் மேல்கோடு சரியாக இருக்கும், வலது இறக்கையின் அடி சந்தேகம், வால் சரி." அடித்துக் காய்ந்த பிறகு அந்தப் பட்டியலோடு மாடலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் வெளிப்படுவது கையின் திறன் அல்ல, கண்ணின் திறன். நீங்கள் நான்கு இடம் எழுதி, ப்ரைமர் ஒன்பது இடம் காட்டினால், ஒட்டும் வேலையைவிடப் பார்க்கும் வேலையில்தான் உங்களுக்குப் பயிற்சி வேண்டும். நான்கு எழுதி அதே நான்கு வந்தால், கோடு இருந்தபோதும் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். எங்கே என்று தெரிந்துவிட்ட குறையைச் சரிசெய்ய வழி இருக்கிறது. பயந்து பன்னிரண்டு இடம் எழுதி, மூன்று மட்டும் தெரிந்தால், உங்கள் வேலை உங்கள் எண்ணத்தைவிட மேல் என்று அர்த்தம். அதையும் எழுதிவையுங்கள். தன்னைக் குறைத்துப் பார்க்கிறவருக்கு வேண்டியது பிறர் பாராட்டைவிட இந்த மாதிரிச் சான்றுதான்.

டெக்கால் ஒட்டும் முன்பும், வார்னிஷ் அடிக்கும் முன்பும் இதையே செய்யலாம். நாலைந்து மாடல்களுக்குப் பிறகு நோட்டைப் புரட்டினால், முன்கூட்டிச் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

1999-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தர்க்கம், இலக்கணம் போன்ற தேர்வுகளில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்கள் தாங்கள் நடுமட்டத்துக்கு மேலே இருப்பதாக நினைத்திருந்தார்கள். முதல் கால்பங்கில் வந்தவர்களோ தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள், தங்களுக்கு எளிதானது மற்றவர்களுக்கும் எளிதாகத்தான் இருக்கும் என்று எண்ணி. அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: தர்க்கத்தில் பயிற்சி கொடுத்ததும், தங்களைப் பற்றிய மதிப்பீடும் சரியான திசையில் நகர்ந்தது. வேலையைக் கற்பதும் வேலையைப் பார்க்கக் கற்பதும் ஒன்றாகத்தான் நடக்கின்றன. மாடல் மேசையில் இதன் விளைவு ஒன்று இருக்கிறது, முன்பே தெரிந்துகொண்டால் மனம் உடையாது. கண் எப்போதும் கையைவிடச் சற்று முன்னால் வளரும். போன வருடம் திருப்தி தந்த வேலை இந்த வருடம் உறுத்தும். உங்கள் கை மோசமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், கண் வளர்ந்திருக்கிறது. கை பின்னால் வரும்.

யார் தவறு?

குறையைக் கண்டுபிடித்ததும் அடுத்த கேள்வி, அது யாருடையது. எல்லாவற்றையும் கையின் கணக்கில் எழுதுவதும் தவறு, எல்லாவற்றையும் கிட்டின் தலையில் போடுவதும் தவறு.

பழைய அச்சிலிருந்து வரும் கிட்டுகளில் பாகங்களின் ஓரத்தில் பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கும், இறக்கையும் உடலும் பொருந்தாது. புதிய தமியா கிட் ஒன்றில் அதே மூட்டு பசை போடும் முன்பே சேர்ந்து நிற்கும். இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது. பசையில்லாமல் பாகங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதே, "இங்கே இடைவெளி கிட்டிலேயே இருக்கிறது" என்று குறித்துவையுங்கள். கடைசியில் அந்த இடம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். கெட்ட மூட்டை ஓரளவு சரிசெய்திருந்தால் அது திறமை. நல்ல மூட்டைக் கெடுத்திருந்தால் கணக்கு வேறு.

நம் ஊர்களில் பருவநிலையும் ஒரு கட்சிக்காரர். மழைக்காலத்தில், கடற்கரை ஊர்களில் குறிப்பாக, லாக்கர் வண்ணமோ வார்னிஷோ அடித்தால் காற்றின் ஈரம் பரப்பில் படிந்து வெளுத்துப்போகும். வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் இது ஓரத்தில் ஒரு வரியாக இருக்கும், நமக்கோ ஆண்டில் சில மாதங்களின் பிரச்சினை. அடிக்கும் வேளையின் வானிலையையும் நோட்டில் எழுதினால், வெளுப்பு மழை நாட்களில் மட்டும் வருகிறதா, எப்போதும் வருகிறதா என்று தெரியும். எப்போதும் வந்தால் மழையைச் சொல்லிப் பயனில்லை. விமானியின் கண்ணாடிக் கூடு பனி படர்ந்தது போல மங்கினால் பெரும்பாலும் அது சூப்பர் குளூவின் ஆவி. பசையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், அதை உங்கள் கணக்கில்தான் எழுத வேண்டும். கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே போதும்.

மற்றவர்களுக்குப் பக்கத்தில்

போட்டியில் வாங்கிய இடம் திறனைச் சொல்லுமா? முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும் போட்டியில், அன்று அந்த மேசைக்கு யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் இடம் மாறும். அதே மாடல் ஓர் ஊரில் முதல் பரிசும் இன்னோர் ஊரில் ஒன்றுமில்லாமலும் திரும்பலாம். இதைத் தவிர்க்கத்தான் வேறு முறை வந்தது. கவச வாகன மாடல்களுக்கான ஆம்ப்ஸ் என்ற அமெரிக்கச் சங்கம் மாடல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்லை. வரையறுத்த ஒரு தரத்தோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருகிறது. தகுதி இருந்தால் பத்துப் பேருக்கும் தங்கம் கிடைக்கும். தொடக்கநிலை, இடைநிலை, தேர்ந்தநிலை என்று கட்டுகிறவர்களையும் பிரித்துக்கொள்கிறது. வீட்டில் தனியாகக் கட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது மனப்பான்மைதான் வேண்டும்: பக்கத்து மேசையை விட்டுவிட்டுத் தரத்தைப் பாருங்கள்.

போட்டோக்களோடு ஒப்பிடுவதில் இன்னொரு ஆபத்து. பிறர் வெளியிடுவது தேர்ந்தெடுத்த கோணம், தேர்ந்தெடுத்த வெளிச்சம், அவர்களுடைய சிறந்த மாடல். நீங்கள் அதன் பக்கத்தில் வைப்பது கையில் இருக்கும் மாடலை, எல்லாக் கோணத்திலும். அதற்காகப் பிறர் வேலையைப் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை. எப்படிச் செய்தார் என்று காட்டுகிறவரின் வேலையைப் பாருங்கள். 1970-களில் மோனோகிராம் நிறுவனம் தன் கிட்டுகளுக்குள் ஒரு சிறு வண்ணத்தாளை வைத்து அனுப்பியது. அமெரிக்க மாடல் கலைஞர் ஷெப் பெயின் அந்தக் கிட்டைக் கொண்டு அமைத்த காட்சியும், அதைப் படிப்படியாக எப்படிச் செய்தார் என்ற குறிப்பும் அதில் இருக்கும். ஒரு தலைமுறையே அதைப் பார்த்துக் கற்றது. அவரளவுக்கு வராதவர்களும் அடுத்த மாடலில் எதைச் செய்ய வேண்டும் என்ற தெளிவோடு அந்தத் தாளை மடித்துவைத்தார்கள். செய்முறை இல்லாமல் முடிவை மட்டும் காட்டும் படம் அந்த உதவியைச் செய்யாது.

வீட்டாரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். அன்பினால் சொல்வது, குறை சொல்ல முடியாது. கேள்வியை மாற்றுங்கள். "முதல்ல கண்ணு எங்க போச்சு?" என்று கேளுங்கள். நீங்கள் போக வேண்டும் என்று நினைத்த இடத்துக்கு அவர்கள் கண் போயிருந்தால் வண்ணமும் அமைப்பும் வேலை செய்கின்றன. வழிந்த பசைக்குப் போயிருந்தால் அதுவும் தெரிந்துவிட்டது.

வளர்ச்சி எங்கே தெரியும்

முடிந்த மாடலை மட்டும் வைத்துத் திறனை முழுவதும் சொல்லிவிட முடியாது. தவறு உங்களுக்கு எப்போது தெரிகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில், எல்லாம் முடிந்து அலமாரியில் வைத்த பிறகு தெரியும். அடுத்து, ப்ரைமர் காட்டும்போது தெரியும். கைதேர்ந்தவருக்குப் பசைக் குப்பியைத் திறக்கும் முன்பே, பாகத்தை வெறுமனே சேர்த்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். உங்கள் நோட்டில் குறைகள் எழுதப்படும் வேளை முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், மாடல் எப்படி வந்தாலும் நீங்கள் வளர்கிறீர்கள்.

இன்னொன்று மீட்பு. ஈர வண்ணத்தில் விரல் பட்டுவிட்டது, டெக்கால் மடிந்துகொண்டது, இறங்குசக்கரத்தின் கால் முறிந்துவிட்டது. இது எல்லோருக்கும் நடக்கும். அப்போது என்ன செய்வது என்று தெரிந்து, அவசரப்படாமல் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்துக் கரைசேர்க்கிறவர், விபத்தே நடக்காத அதிர்ஷ்டசாலியைவிடத் தேர்ந்தவர். விபத்து நடந்த மாடலை ஓரம்கட்டும் பழக்கம் இருந்தால் அந்தத் திறன் வளரவே வளராது. பாதியில் நிற்கும் மாடல்களை எடுத்து, எந்தக் கட்டத்தில் நின்றிருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே கட்டத்தில் நின்றிருக்கும். நீங்கள் பயப்படும் வேலை அதுதான். அடுத்த மூன்று மாதத்துக்கு உங்கள் பாடமும் அதுதான்.

அதே கிட், மறுபடியும்

வெவ்வேறு கிட்டுகளை ஒப்பிட்டு "முன்னேறிவிட்டேன்" என்று சொல்வதில் எப்போதும் ஒரு கலப்படம் இருக்கும். புதிய கிட் நன்றாகப் பொருந்தியிருக்கலாம், வண்ணத் திட்டம் எளிதாக இருந்திருக்கலாம். கிட்டை மாற்றாமல் வைத்தால்தான் கையில் ஏற்பட்ட மாற்றம் மட்டும் தெரியும். ஒரே கிட்டை, ஒரே அளவில், ஒரே வண்ணத் திட்டத்தில், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து மறுபடி கட்டுங்கள். இரண்டையும் கண்ணாடிப் பலகையில் பக்கம்பக்கமாக நிறுத்தி, நகத்திலிருந்து போட்டோவரை இங்கே சொன்ன எல்லாச் சோதனைகளையும் செய்யுங்கள். எது வளர்ந்தது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது வாதத்துக்கே இடமில்லாமல் தெரியும். பலருக்கு வண்ணம் வெகுதூரம் வந்திருக்கும், இறக்கையடிக் கோடு மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்குப் பெரிய கிட் வேண்டாம். இறக்குமதி கிட்டின் விலை நம்மூரில் கொஞ்சமல்ல, அதிலும் பெரியதை எடுத்தால் கெடுத்துவிடுவோமோ என்ற பயமே கையைக் கட்டிப்போடும். சின்ன 1/72 விமானம் போதும், கட்டுமானத்தின் எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது. ஒரே பெயரில் வேறு வருடம் வரும் கிட் வேறு அச்சிலிருந்து வரக்கூடும், ஆகவே பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரே கிட்டை இரண்டு பெட்டியாக வாங்குங்கள். ஒன்றை இந்த மாதமே கட்டத் தொடங்குங்கள். மற்றதன் மேல் இன்றைய தேதியை எழுதி, இந்த மாடலின் நோட்டுப் பக்கங்களையும் மடித்து உள்ளே போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.